புதுக் கோனில் வைத்த பிளேடு

முந்தின நாள் என் கையாலேயே ஒட்டிய கோன் அது. பசை வாசனை இன்னும் போகவில்லை. அதன் மேல் அரை பிளேடை வைத்துக்கொண்டு, கோழிக் கொட்டகையின் சிமெண்ட் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஸ்பீக்கருக்குள் இருக்கும் கறுப்புக் காகிதக் குடையைத்தான் கோன் என்போம். அது அதிர்ந்தால்தான் சத்தம். அது கிழிந்தால் சத்தம் கரகரக்கும். கிழிந்ததை எடுத்துவிட்டுப் புதிது ஒட்டுவது என் பிழைப்பில் பாதி. எத்தனையோ ஒட்டியிருக்கிறேன். நல்ல கோனைக் கிழிக்க உட்கார்ந்தது அந்த ஒரு நாள்தான்.

வெளியே உச்சி வெயில். மேலே கூரை சூடேறி டிக், டிக் என்றது. பாட்டுக் குழுவின் மூன்று பேரும் சாப்பிடப் போயிருந்தார்கள். திரும்பி வர அரை மணி நேரம் ஆகும்.

மறுநாள் விடிந்ததும் அந்தக் கொட்டகைக்குக் கோழிக்குஞ்சு லாரி வந்துவிடும். அதற்குள் அவர்கள் மூன்று வருடமாகச் சேர்த்த பாட்டுகளைப் பதிவு செய்தாக வேண்டும். காலையிலிருந்து ஒரு பாட்டுகூடப் பதிவாகவில்லை. அதற்குக் காரணம் நான். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நகத்தால் தட்டுகிறவன்

நான் மைக் செட்காரன் என்பது இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். கோவில் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் குழாய் கட்டியிருக்கிறேன். ஆனால் அந்த நாள் வரை மைக்கில் பேசியது கிடையாது.

மற்றவர்கள் மைக்கைப் பிடித்து "அலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்பார்கள். நான் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டுவேன். ஒரு ஊது ஊதுவேன். அவ்வளவுதான். என் முதலாளி கேலி செய்வார். "ஏன்டா பாண்டி, மைக்குக்கு உசுரு இருக்கான்னு பாக்கச் சொன்னா, வெளக்கு மாதிரி ஊதி அணைக்கிறியேடா?"

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியதற்கு வறுமை என்று சொன்னால் அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. ஆறாம் வகுப்பில் சேரப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போன அன்று, ஒரு வாத்தியார் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் என் பெயரைக் கேட்டார். வாய் வரவில்லை. மூன்று முறை கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் நான் போகவில்லை. அப்பாவும் வற்புறுத்தவில்லை. மைக் செட் கடையில் கொண்டுபோய் விட்டார். அங்கே பேச வேண்டியது மைக்தான், நான் இல்லை. அது எனக்கு ஒத்துப்போனது.

சினிமாப் பாட்டு வாசிக்காதவர்கள்

பல வருடம் கழித்து, மதுரை தெற்குவாசல் பக்கம் எனக்கென்று ஒரு சின்னக் கடை போட்ட பிறகு, சாதிக் வந்தான். கீழவாசல் பக்கம் அவன் அத்தாவுக்குப் பூட்டுக் கடை. தோளில் கித்தார், கையில் கருகிப்போன ஆம்ப்ளிஃபயர்.

"அண்ணே, இது பொழைக்குமா?"

மோந்து பார்த்தேன். பிழைக்காது என்று தலையாட்டினேன்.

"நாளைக்கு ப்ராக்டிஸ் இருக்குண்ணே. ஏதாச்சும் பழைய பெட்டி இருந்தாக் குடுங்கண்ணே. நீங்களும் கூட வாங்க. எங்களுக்கு ஒயரு மாட்டக்கூடத் தெரியாது."

அப்படித்தான் போனேன். அலங்காநல்லூர் தாண்டி ஒரு கோழிப் பண்ணை. மூன்று கொட்டகைகள். மூன்றாவதில் இவர்கள். பண்ணைக்காரர் முத்துராசுவின் தாய்மாமன். முத்துராசுவுக்கு ஊர் உசிலம்பட்டி. மாமன் பண்ணையில் வேலை, மீதி நேரம் டிரம். பாடுவதும், நாலு கம்பி பேஸ் கித்தார் வாசிப்பதும், பாட்டு எழுதுவதும் ஸ்டெல்லா டீச்சர். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் அறிவியல் எடுத்தார். சர்ச் பாடகர் குழுவில் பாடிப் பழகிய குரல்.

ஆனால் பாட்டு சர்ச் பாட்டு இல்லை. தண்ணி லாரிக்குக் குடத்தோடு நிற்பது பற்றி ஒரு பாட்டு. பஸ் ஸ்டாண்டில் ஒதுங்க இடமில்லாத பெண்கள் பற்றி ஒன்று. எல்லாம் காதைப் பிய்க்கிற சத்தம். ராக் என்றார்கள். முதல் தடவை கேட்டபோது எங்கேயோ எர்த் சரியில்லை என்று நினைத்து ஒயரைத் தேடினேன்.

"சினிமாப் பாட்டு ரெண்டு சேத்து வாசிச்சா கல்யாணத்துக்குக் கூப்பிடுவாங்களே, டீச்சர்?" என்று ஒரு நாள் தைரியம் வந்து கேட்டேன்.

"கூப்பிடுவாங்க, பாண்டியண்ணே. அப்புறம் அத மட்டும்தான் வாசிக்கச் சொல்லுவாங்க. நமக்கு எடம் யாரும் தர மாட்டாங்க, பாட்டப் போட ஆளும் வர மாட்டாங்க. அதனால எல்லாத்தையும் நாமளே செஞ்சுக்குவோம்."

நாமளே என்றார். அதில் என்னையும் சேர்த்திருந்தார். அன்று மொபெட்டில் வீட்டுக்குத் திரும்பும்போது அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டே வந்தேன்.

அந்தச் சமயத்தில் இப்படிப் பிள்ளைகள் அங்கங்கே கிளம்பியிருந்தார்கள். திருச்சியில், கோயம்புத்தூரில், பெங்களூரில். மொட்டை மாடி, மூடின டைப்பிங் இன்ஸ்டிட்யூட், இறகுப்பந்து ஆடும் கொட்டகை, எங்கே கரண்டு இருக்கிறதோ அங்கே வாசிப்பார்கள். ஒருவருக்கொருவர் சி.டி. அனுப்பிக்கொள்வார்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் வந்தால் என் கடையில், ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் பாய் விரித்துப் படுப்பார்கள்.

கோழி இல்லாத பதினைந்து நாள்

மற்ற ஊர்க் குழுக்கள் வாரம் ஒரு நாள் பழகும். எங்கள் கணக்கு வேறு. பிராய்லர்க் குஞ்சு வந்து, வளர்ந்து, லாரி ஏறிப்போக ஒன்றரை மாதம் பிடிக்கும். அதற்குப் பிறகு கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, இரண்டு வாரம் சும்மா போட்டு வைப்பார்கள். அந்த இரண்டு வாரம்தான் எங்களுக்கு. கோழி இருக்கும்போது ஒரு தட்டுத் தட்டினால் போதும், பயந்து மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டிச் செத்துவிடும்.

டிரம்முக்குத் தாளத்தட்டு கிடையாது. சாதிக்கின் மாமா பிரியாணி மாஸ்டர். அவரிடம் வாங்கிய பழைய தேக்சாப் பாத்திரங்களின் மூடி இரண்டைக் கம்பியில் தொங்கவிட்டோம். புது ஆள் யாராவது கேட்டால் முத்துராசு, "அரை மூட்டை அரிசித் தட்டுண்ணே, பாத்து அடிக்கணும்" என்பான்.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை கட்டிக் கிடக்கும். முதல் நாள் காளைக்காரர் வேகமாக வந்தார். சண்டைக்கு என்று நினைத்து நான் பெட்டிக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவரோ, "தம்பிகளா, இன்னும் கொஞ்சம் சத்தமா வைங்கப்பா. வாடிவாசல்ல கூட்டத்துச் சத்தத்துக்கு மெரளுறான். பழகட்டும்" என்றார். எங்களுக்குக் கிடைத்த முதல் ரசிகர் அந்தக் காளைதான்.

போஸ்டர் கதை ஒன்று உண்டு. முதல் நிகழ்ச்சிக்கு ஜெராக்ஸ் எடுத்து நாங்களே ஒட்டினோம். மேலே "மூன்றாம் நம்பர் கொட்டகை" என்று குழுவின் பெயர், நடுவில் மூன்று முகங்கள், கீழே நாள், நேரம். எல்லாம் கறுப்பு வெள்ளை. மதுரைச் சுவரில் கறுப்பு வெள்ளையில் முகம் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மறுநாள் முத்துராசுவின் அத்தை போனில் ஒப்பாரி வைத்தார். "அத்தே, நான்தான் பேசுறேன், நான் உசுரோடதான் இருக்கேன்" என்று அவன் கத்தியும் அவர் நிறுத்தவில்லை.

எலி செய்த வேலை

கருகின பெட்டிக்குப் பதிலாக அன்று நான் சாதிக்குக்குக் கொடுத்தது குடோனில் கிடந்த, ஆம்ப்ளிஃபயரும் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரும் ஒன்றாயிருந்த பழைய பெட்டி. கோனின் ஒரு பக்கத்தை எலி கடித்திருந்தது. வேறு இல்லை என்பதால் கூச்சத்தோடு கொடுத்தேன்.

சாதிக் அதில் கித்தாரை மாட்டி ஒரு இழுப்பு இழுத்தான். உலர்ந்த பனை ஓலையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவது போல ஒரு சத்தம். அவன் கண் விரிந்தது.

"அண்ணே! இதுதாண்ணே! இம்புட்டு நாளா இதத்தாண்ணே தேடிக்கிட்டிருந்தேன்!"

நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். விருந்துக்குப் போன வீட்டில் ரசம் உப்புக் கரித்திருந்தால் "நல்லாருக்கு" என்று இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வோம் இல்லையா, அப்படி. பையன் நல்ல வளர்ப்பு, கிழிந்த பெட்டியைக் கொடுத்தவன் மனம் நோகக்கூடாது என்று சொல்கிறான் என்று நினைத்தேன்.

மூன்று வருடம் அவர்கள் எங்கே வாசித்தாலும் அந்தக் கரகரப்பு எனக்குக் காலில் முள் மாதிரி இருந்தது. "பாண்டி செட்டா இது?" என்று தொழில்காரன் எவனாவது கேட்டுவிடுவானோ என்று பயந்தேன்.

பிறகு டீச்சருக்குத் திருநெல்வேலிப் பக்கம் மாற்றல் வந்தது. கோழி இல்லாத அந்த ஒரு இடைவெளிதான் மிச்சம். டீச்சர் லேப்டாப்பில் பதிவு செய்வதற்குப் பெங்களூர்ப் பிள்ளைகளிடமிருந்து ஒரு சின்னப் பெட்டியை இரவல் வாங்கியிருந்தார். மூன்று பேருக்கும் ஒன்றாக லீவு கிடைத்தது அந்த இடைவெளியின் கடைசி நாள் மட்டும்தான். நாள் குறித்தாகிவிட்டது.

நான் என்ன செய்ய முடியும்? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். முந்தின நாள் யாருக்கும் சொல்லாமல் ஸ்பீக்கரைக் கழற்றி, எலி கடித்த கோனை எடுத்துவிட்டு, புதிது போட்டேன். கோனின் அடியில் காயில் என்கிற கம்பிச் சுருள் நடுவில் நிற்க வேண்டும் என்பதற்காகப் பழைய எக்ஸ்ரே படத்தை நறுக்கிச் செருகுவோம். யாருடைய விலா எலும்போ அன்று எனக்கு உதவியது. பசையைத் தடவி, வெயிலில் காய வைத்து, முன்பக்கத் துணியைப் பழையபடியே ஆணியடித்து வைத்தேன். நாளைக்குக் கேட்டுவிட்டு ஆச்சரியப்படுவார்கள் என்று நினைத்துக்கொண்டே தூங்கினேன்.

மூன்று மணி நேரம்

காலையில் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மைக், டிரம்முக்கு மேலே ஒரு மைக் வைத்தேன். நகத்தால் தட்டினேன். டீச்சர் லேப்டாப்பைப் பார்த்துத் தலையாட்டினார். சாதிக் கம்பியை இழுத்தான்.

மணி மாதிரி சுத்தமான சத்தம். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தேன்.

அவன் திகைத்துப்போயிருந்தான். பெட்டியின் குமிழைத் திருப்பினான். மறுபடி இழுத்தான். அதே சுத்தம்.

"என்ன மாப்ள, ஆர்கெஸ்ட்ரால சேந்துட்டியா?" என்றான் முத்துராசு.

"இருடா. கம்பி புதுசு. அதான்."

கம்பியை மாற்றினான். ஒயரை மாற்றினான். டீச்சர் இரவல் பெட்டியைக் கழற்றி மாட்டினார். ஒவ்வொரு தடவையும் பாட்டு பாதியில் நின்றது. அன்று சாதிக் சொன்னது மரியாதைக்கு இல்லை, அந்தக் கிழிசல்தான் அவர்களுடைய சத்தம் என்று அப்போதுதான் புரிந்தது. "நான்தான் மாத்திட்டேன்" என்று இரண்டே வார்த்தை. ஆறாம் வகுப்பு வாசலில் நின்ற மாதிரி நின்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

பதினொன்றரைக்கு முத்துராசுவுக்குப் பொறுமை போனது. "பெட்டி மேல பழி போடாத மாப்ள. ஒன் கை போச்சு. பூட்டுக் கடையில ஒக்காந்து ஒக்காந்து வெரலு துருப்பிடிச்சுப் போச்சு."

விளையாட்டாகத்தான் சொன்னான். சாதிக் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கித்தாரைக் கழற்றிச் சுவரில் சாய்த்தான்.

"சரிதான். விட்ருங்க. எனக்கு வரல. டீச்சர், நீங்க தனியாப் பாடி எடுத்துக்கங்க. நான் கடைக்குப் போறேன். அத்தா ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு."

"சாதிக், கிறுக்கு மாதிரிப் பேசாத. வாங்க, மொதல்ல சாப்பிடுவோம். பசில எல்லாருக்கும் கோவம் வருது." டீச்சர் இருவரையும் இழுத்துக்கொண்டு போனார். போகிற போக்கில், தூசி படக்கூடாதென்று லேப்டாப்பின் மேல் ஒரு துண்டைப் போட்டார். "நீங்க வரலையாண்ணே?"

பசிக்கவில்லை என்று கையைக் காட்டினேன்.

யாரும் இல்லாத மைக்

கொட்டகையில் நான் மட்டும். எதிரே ஸ்பீக்கர். அதற்கு முன்னால் மைக்.

அவர்கள் வந்ததும் சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்வது என்று பழகிப் பார்க்கலாம் என்று தோன்றியது. மைக்கைப் பார்த்துப் பேசினேன். எனக்கு எதிரே முகம் இல்லாத ஒன்று அதுதான்.

"தம்பி சாதிக், ஒன் கைக்கு ஒண்ணும் ஆகல. நான்தான் பெட்டில கோன மாத்துனேன். எலி கடிச்சதக் குடுத்துட்டோமேன்னு மூணு வருசமா வெக்கமா இருந்துச்சு. நீங்க நல்லாருக்குன்னு சொன்னப்பல்லாம் எனக்காகச் சொல்றீகன்னு நெனச்சேன். எனக்கு எல்லாரும் எனக்காகத்தான் சொல்றாகன்னு தோணும். இன்னைக்கு ஒங்க நாளக் கெடுத்துட்டேன். சொல்ல வாய் வரல. எப்பவுமே வராது."

இப்படி ஆரம்பித்து, ஆறாம் வகுப்பு வரைக்கும் போய்விட்டேன். அவ்வளவு பேச்சு எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

பிறகு முன்துணியைப் பிரித்தேன். சட்டைப் பையிலிருந்து அரை பிளேடை எடுத்தேன். பழைய கோன் கடையில் கிடந்தது. பார்த்து வெட்ட வழியில்லை. மூன்று வருடம் தடவித் தடவி வருத்தப்பட்ட கிழிசல் விரலுக்கு ஞாபகம் இருந்தது. ஓரத்தில் ஆரம்பித்து, கட்டை விரல் நீளம் உள்ளே வந்து, சட்டென்று வலது பக்கம் திரும்பும்.

முதல் வெட்டை விரல் நுனி அளவுக்கே போட்டேன். நல்ல பொருளைக் கெடுக்கிறோம் என்று உடம்பே மறுத்தது. சோதித்துப் பார்க்கக் கித்தாரைத் தொட்டாக வேண்டும். அதுவரை அதை நான் தொட்டதில்லை. தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினேன். கொசு மாதிரி ஒரு ரீங்காரம். போதாது. இன்னொரு வெட்டு. இப்போது கொசு இல்லை, ஈ. ஓரத்தை நகத்தால் பிய்த்தேன், எலி பிய்த்த மாதிரியே. மறுபடி தட்டினேன்.

தரதரவென்று ஓலை இழுபட்டது. பக்கத்துத் தோட்டத்தில் காளை ஒரு குரல் கொடுத்தது.

துணியை மூடி ஆணி அடித்து முடிக்கவும் அவர்கள் வரவும் சரியாக இருந்தது. பழகி வைத்த பேச்சு எல்லாம் போய்விட்டது. "இப்ப வாசிச்சுப் பாருங்க தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

சாதிக் நம்பிக்கையில்லாமல் மாட்டினான். ஒரு இழுப்பு. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "மாப்ள, எண்ணு" என்றான் முத்துராசுவிடம். பொழுது சாய்வதற்குள் ஆறு பாட்டும் முடிந்தது.

தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, எல்லாம் சரியாக விழுந்திருக்கிறதா என்று டீச்சர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். காலைச் சண்டையில் பதிவை யாருமே நிறுத்தவில்லை. பூட்டுக் கடைக்குப் போகிறேன் என்கிற சாதிக். பிறகு காலடிச் சத்தம். பிறகு நான்.

ஓடிப்போக இடமில்லை. முழுவதையும் கேட்டார்கள். நான் ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சாதிக்தான் பேசினான். குரல் உயரவில்லை. "மூணு மணி நேரம்ணே. என் கையத்தானே நான் திட்டிக்கிட்டிருந்தேன். நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்களே."

"தப்புதான் தம்பி."

அதை அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. அவன் என் மொபெட்டில்தான் பின்னால் உட்கார்ந்து வந்தான், மடியில் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு. கீழவாசலில் இறங்கியதும் கேட்டான்.

"அந்தப் பழைய கோன் என்னாச்சுண்ணே?"

"கடையில கெடக்கு."

"தூரப் போட்றாதீங்க. நாளைக்கு வாரேன்."

கல்யாணக் கார்டு

சி.டி. உறைகளை என் கடையிலேயே செய்தோம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் பிழையாகிப்போன கார்டுகளை வாங்கி, உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து, மேலே ரப்பர் ஸ்டாம்ப் குத்தினோம். பிரித்துப் பார்த்தால் உள்ளே யாரோ ஒரு மணமகன், மணமகள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஜோடி.

எலி கடித்த கோன் என் கடைச் சுவரில் இன்றும் தொங்குகிறது. சாதிக் மாட்டியது.

என் பேச்சை முதலில் போட வேண்டும் என்று சொன்னதும் அவன்தான். டீச்சர் என்னிடம் சம்மதம் கேட்டார். தலையாட்டினேன். அப்படித்தான் அந்த சி.டி. ஆரம்பிக்கிறது. என் குரல், பிளேடு காகிதத்தில் ஓடும் சத்தம், ஒரு கம்பி, ஒரு காளை. பிறகு முதல் பாட்டு. உறைக்குப் பின்னால் நாலு பெயர்கள். கடைசியில், "பேச்சு, பிளேடு: பாண்டி."

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துராசு வந்து என் மனைவியின் போனில் ஏற்றிவிட்டுப் போய்விட்டான். அவள் அடுப்படியில் வைத்துக் கேட்டாள். நான் வாசலில் செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றேன். பேச்சு முடிந்ததும் நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

"யாருகிட்ட இம்புட்டு நேரம் பேசுறீக?"

"யாருமில்ல. யாருமில்லன்னுதான் பேசுனேன்."

அவள் அடுப்பை அணைத்தாள்.

"கல்யாணமாகி இம்புட்டு வருசமாச்சு. பள்ளிக்கூடத்துல பேரு கேட்ட கதைய இன்னைக்குத்தான் கேக்குறேன்."

போனை அலமாரியில் வைத்தாள். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, குழாயடியில் உட்கார்ந்து பாத்திரம் விளக்க ஆரம்பித்தாள்.

"இப்ப நானும் இல்லன்னு நெனச்சுக்கங்க. சொல்லுங்க. அப்புறம் என்னாச்சு?"

நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு, சாதிக் கருகின பெட்டியோடு கடைக்கு வந்த நாளிலிருந்து ஆரம்பித்தேன்.